விற்காமல் திருப்பிக் கொண்டுவந்த ஹப்

மனோர் பார்க், லண்டன்
சித்திரை, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் அஜந்தாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகனும் பேத்தி மேனுஷாவும் மெல்பேணில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று வெள்ளிக்கு வெள்ளி சேர்ச் றோட் முருகன் கோயிலில் உங்கள் பெயரில்தான் அர்ச்சனை செய்கிறேன். எனக்கும் சுகத்துக்குக் குறைவில்லை, முழங்கால் மட்டும் படி ஏறும்போது முறுமுறுக்கிறது. பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறேன், அதைக் கேட்டுப் போன் எடுக்காதே. பக்கத்து வீட்டுப் பெர்னடெற் அன்ரி இடுப்பு ஒப்பரேசன் முடிந்து தடியில்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டார், உன்னை விசாரித்தார். நெடுகவும் போனில் கதைக்கிறோமே, பிறகு ஏன் கடிதம் என்று நினைப்பாய். நீ போன் எடுப்பது கார் ஓடிக்கொண்டு, வேலைக்குப் போகும் வழியில். பின் சீற்றில் பிள்ளை கத்துவாள், நீ லேன் மாற்றுவாய், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். ஆறுதலாக ஓரிடத்தில் இருந்து இதை வாசி.

அப்பா இருந்த காலத்தில் வாங்கி வாங்கிச் சேர்த்த பழைய சைக்கிள் சாமான்களை ஆரையாவது கூப்பிட்டு ஏற்றிவிட்டு ஷெட்டைத் துப்புரவாக்குங்கோ என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். அப்படியே ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தவர் பெட்டிகளைக் கிளறிவிட்டு, எல்லாம் பழைய இரும்பு, உங்களுக்காக வேண்டுமென்றால் அள்ளிக்கொண்டு போகிறேன் என்று ஏதோ தர்மம் செய்வதுபோல ஒரு விலை சொன்னார். ஆனால் வாய் அப்படிச் சொல்லும்போதே அவருடைய கை ஒரு சாமானை மெதுவாகத் தன் பக்கம் தள்ளி வைத்தது. அதைக் கண்டதும் மகளிடம் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பெர்னடெற் அன்ரியிடம் இதைச் சொன்னபோதுதான், தங்கள் மாதா கோயிலில் பாடும் ஒரு பிள்ளையின் பெரியப்பா, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், பழைய சைக்கிள் என்றால் உயிரை விடுவார், அவரைக் கேட்போம் என்றார். அவர்தான் கிருஷ்ணராசா. மனைவி தவறிக் கனகாலம், பிள்ளைகள் இல்லை. வாசலில் நின்றபடியே அவர் சொன்ன முதல் கதை, "நான் விலை சொல்லுவன், ஆனா வாங்க மாட்டன். சொல்லுறவனே வாங்கினா அது சரிவராது" என்பதுதான். எனக்கு அந்த மனிதரில் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்.

பிறகு சனிக்கிழமைகளில் வருவார். குசினி மேசையில் பேப்பர் விரித்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அவர் வருவதற்கு முதல் நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு சோடி பிரேக் பிடியைப் புளி போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்குப்போல வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, மினுக்கிப் போட்டியளே! இதின்ர மதிப்பில பாதி சிங்குக்குள்ள போயிட்டுது" என்று தலையில் கை வைத்தார். அப்பா போனபிறகு இந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் பிள்ளை. இப்போது எனக்கும் கொஞ்சம் பிடிபடும். பளபளப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது, பொறித்த எழுத்தின் விளிம்பு கூராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மழுங்கியிருந்தால் தேய்த்துப் புதிதாக முலாம் பூசியது. செயின் ஓடும் பல்லு ஒரு பக்கம் சரிந்து சுறாவின் செட்டைபோல் வந்திருந்தால் அது ஓடி முடிந்தது. பெடல் பூட்டும் ஓட்டையைச் சுற்றி மயிர்போல ஒரு வெடிப்பு இருந்தால் எவ்வளவு வடிவான சாமானென்றாலும் ஒருவருக்கும் விற்கக்கூடாது, ஓடுகிறவர் விழுவார். அப்படி இரண்டைக் கண்டுபிடித்து ஒருவரும் எடுத்துப் பூட்டாதபடி இரும்பறுக்கும் வாளால் அறுத்துத்தான் எறிந்தார். ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது, "இதை அவர் எதுக்குப் பூட்ட வைச்சிருந்தவர்?" என்று கேட்பார். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். அப்பாவைப் பற்றி அவ்வளவு நேரம் என்னோடு கதைத்த ஆள் வேறு இல்லை. மற்ற எல்லோரும் நான் அழுதுவிடுவேன் என்று பயந்து கதையை மாற்றிவிடுவார்கள்.

அந்த முதல் வியாபாரி தள்ளி வைத்த சாமான், பின் சில்லின் நடுவில் வரும் ஹப். உள்ளுக்குள் மூன்று கியர் இருக்கிறதாம், மேலே செய்த ஆண்டு குத்தியிருக்கிறது. கிருஷ்ணராசா அதைக் கையில் வாங்கி அச்சைச் சுற்றிக் காதோடு வைத்துக் கேட்டார். திரும்பவும் ஒருமுறை சுற்றிக் கேட்டார். பிறகு, இருக்கிறதுக்குள் மதிப்பானது இதுதான், நான் சொல்லும் விலைக்குக் குறைத்துக் கொடுக்காதீர்கள், இன்னும் இரண்டு பேரிடமும் கேளுங்கள் என்று சொல்லித் துணியில் சுற்றி வைத்துவிட்டார். அவர் தன்னுடைய சைக்கிளுக்கு அதே ஆண்டு ஹப்பை எத்தனையோ வருடமாகத் தேடித் திரிகிறார் என்று பிறகு பெர்னடெற் அன்ரிதான் சொன்னார். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்கள் சும்மா தந்திருப்பியள். பிறகு நான் சொன்ன விலை எல்லாத்திலயும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும், அஜந்தாவின்ர அம்மா" என்றார்.

மாசி மாதம் எசெக்ஸ் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பழைய சைக்கிள் சாமான் சந்தை போட்டார்கள். இரண்டு பேருமாகப் பெட்டிகளைக் கொண்டுபோய் ஒரு மேசை எடுத்தோம். மத்தியானத்துக்குள் முக்கால்வாசி போய்விட்டது. ஹப்பைக் கேட்டு ஒரு வெள்ளைக்காரர் வந்தார், நாங்கள் நினைத்ததைவிடக் கூடத் தருகிறேன் என்றார். கிருஷ்ணராசாதான் அவருக்கு அதன் குணமெல்லாம் விளக்கிச் சொல்லி, இதைவிட நல்லது கிடைக்காது என்றார். சொல்லும்போது அவர் ஹப்பைப் பார்க்கவேயில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த மனிதர் காசை எடுக்க, நான் ஹப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மன்னிக்க வேண்டும், இது விற்பனைக்கு இல்லை என்றேன். "என்ன செய்யிறியள், நல்ல விலை!" என்று கிருஷ்ணராசா கோபித்தார். விலை எனக்கும் தெரியும், நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள், எனக்கு விற்க விருப்பமில்லை என்றேன். ரயிலில் திரும்பி வரும்போதும் ஹப் என் மடியிலேயே இருந்தது. இறங்குகிறதுக்குக் கொஞ்சம் முந்தி, "உங்கட பேர் என்ன?" என்று கேட்டார். யோசித்துப் பார், அவ்வளவு நாளும் நான் அவருக்கு அஜந்தாவின் அம்மா. அப்பா போன பிறகு இந்த நாட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட டாக்குத்தரின் றிசெப்சனில் இருக்கிற பிள்ளையைத் தவிர ஒருவரும் இல்லை. யோகராணி என்று சொல்லிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டு வாசலில் ஹப்பை அவர் கையில் வைத்து, விலை சொல்லும் வேலை முடிந்துவிட்டது, இனி நீங்கள் வாங்கலாம்தானே என்றேன். இந்த முறை மறுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பார்க்கிறதற்கு ஒரு சாமானும் இல்லை. ஆனாலும் வந்தார். அதற்கு அடுத்ததும் வந்தார். பங்குனியில் ஒருநாள், சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டு முதுகைக் காட்டியபடியே, மிச்சக் காலத்துக்குச் சேர்ந்து இருப்போமா என்று கேட்டார். யோசிக்க நேரம் கேட்டேன். இரண்டு கிழமை கோயிலுக்குப் போய் வந்தேன், அப்பாவின் படத்துக்கு முன்னால் இருந்தேன், அழவும் செய்தேன். அப்பாவோடு நான் வாழ்ந்தது குறையில்லாத வாழ்க்கை, அதில் ஒரு நாளையும் நான் யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஆனால் குளிர்காலத்தில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டுகிற இந்த ஊரில், ஒரு ஆளுக்கென்று அரைச்சுண்டு அரிசி போட்டு அதிலும் மிஞ்சுகிறதை நாய்க்குப் போடவும் வழியில்லாமல் குப்பையில் கொட்டுவது என்ன என்று உனக்குத் தெரியக்கூடாது பிள்ளை. போன கிழமை அவருக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன்.

இதை உன்னிடம் கேட்டு எழுதவில்லை, சொல்லி எழுதுகிறேன். நாலு சனம் நாலு விதமாகக் கதைக்கும், இப்போதே கோயிலில் இரண்டு பேர் என்னைக் கண்டால் பேச்சை நிற்பாட்டுகிறார்கள், அது என்னைச் சுடவில்லை. நீ என்ன நினைப்பாய் என்பதுதான் பயமாக இருக்கிறது. கோபம் வந்தால் கோபி, அழுகை வந்தால் அழு, ஆனால் மௌனமாக இருந்துவிடாதே. அங்கே குளிர் தொடங்குகிறது, பிள்ளைக்குக் காது மூடித் தொப்பி போடு, மருமகனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மூவருக்கும் முருகன் துணை, என் ஆயிரம் முத்தங்கள். கவுன்சிலில் கல்யாணப் பதிவுக்கு நாள் எடுக்கச் சொன்னார்கள், நான் இன்னும் எடுக்கவில்லை. நீ வந்து பக்கத்தில் நில்லாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன், அவரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். உனக்கு லீவு கிடைக்கிற திகதியைச் சொல்லு, அந்தத் திகதிதான் எங்கள் திகதி.

என்றும் உன்
அம்மா