ஏழு விளக்கும் உங்கள் ஒரு கேள்வியும்

அக்கா,

இன்று சாயங்காலம் வாசலில் விளக்கேற்றும்போது திரி கருகிய வாசம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. எனக்கு அந்த வாசத்தோடு சேர்ந்தே வருவது உங்கள் குரல்: "யாரு பாத்தா?"

கடலூரில் எதிரெதிர் வீட்டில் இருந்தோம். செல்போன் நம் தெருவுக்கு வந்த புதிது. என் வீட்டுக்காரர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கஞ்சித் தூக்கோடு கிளம்பிய என்னைப் பூக்காரம்மா வாசலிலேயே நிறுத்தினார்.

"எங்கம்மா போற? அம்மன் வாக்கு வந்திருக்காம். பொழுது சாயறப்ப ஏழு விளக்கு வெக்கலன்னா வூட்டுக்காரருக்கு ஆகாதாம்!"

கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு அகல் தேடினேன். கடையில் தரும் மீதியைச் சரிபார்த்து வாங்குகிறவள், பயத்தை மட்டும் அப்படியே வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் படியிறங்கி வந்தீர்கள். "யாரு பாத்தா? யாரு மேல வந்து சொல்லிச்சாம்?"

"சாமி விஷயத்துல கேள்வி கேக்காதீங்கக்கா."

"சாமிய யாருடி கேட்டா? சொன்னவங்களத்தான் கேக்கறேன்."

பூக்காரம்மாவுக்குச் சொன்னது சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட அவர் மகள். போன் போட்டு விசாரித்தால், மகளுக்குச் சொன்னது சிதம்பரத்தில் அவள் தெருவிலேயே இருக்கும் என் தங்கை! அவளையே கூப்பிட்டேன்.

"எனக்கு யாரு சொல்வா? நீதானக்கா சொன்ன! ரெண்டு விளக்கு வெச்சேன், மாமாவுக்குக் காய்ச்சல் கொறஞ்சுதுன்னு."

போன வாரம் மன ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு. சிதம்பரம் போய்த் திரும்புவதற்குள் இரண்டு ஏழாகி, அம்மன் வாக்கும் ஆகிவிட்டது. மீதி ஐந்து விளக்கு எந்த வாயில் சேர்ந்தது? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நீங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். "நீ பெத்தது ஒன்னையே பயமுறுத்துது பாரு! ஓடு, கஞ்சி ஆறுது."

ஆஸ்பத்திரியில் அவர் பசியோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று திரும்பி வந்து இரண்டே விளக்கு வைத்தேன். பயமில்லாமல் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

நீங்கள் போய்விட்டதாக ஒரு காலையில் போன் வந்தபோதும் என் வாய் முதலில் கேட்டது, "யாரு பாத்தா?"

"நான்தான் சித்தி. பக்கத்துலயேதான் இருந்தேன்" என்றாள் உங்கள் மகள். அதற்குமேல் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை.

இன்றும் வாசலில் இரண்டு விளக்குதான் அக்கா. ஏன் இரண்டு என்று எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்தவள் கேட்டாள். "இருக்கறது ரெண்டு அகல்தாம்மா" என்றேன். வேறு ஏதாவது சொல்லி, அது எந்த ஊருக்குப் போய் என்னவாகத் திரும்பி வருமோ!