எண்பத்து மூன்று பேருக்கு ஒரு கண்ணாடிக் குழாய்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி வழக்கம்போல்தான், அதற்காகக் கவலைப்படாதே.

பிளஸ் டூவில் தேறவில்லை என்று போனில் நீ திட்டியதிலிருந்து உன் தங்கை சரியாகச் சாப்பிடுவதில்லை. "நானும் அதே ஸ்கூல்லதானே படிச்சேன், நான் பாஸ் பண்ணலையா" என்று கேட்டாயாம். பள்ளிக்கூடம் அதேதான் ராசா, ஆனால் உன் வகுப்பில் முப்பத்தைந்து பேர், நீ லேபில் ஆசிட் கொட்டிச் சட்டையைப் பொத்தலாக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் அடி வாங்கியவன். இவள் வகுப்பில் எண்பத்து மூன்று பேர், ஒரு டீச்சர் மாற்றலாகிப் போனதும் இரண்டு பிரிவையும் ஒன்றாக்கிவிட்டார்கள். என் பஸ்ஸில் அத்தனை பேரை ஏற்றினால் எனக்கு மெமோ வரும், வகுப்பில் ஏற்றினால் கேட்பாரில்லை. லேபில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு பியூரெட், திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிற நீளக் கண்ணாடிக் குழாய். உடைந்தால் வேறு கிடையாது என்று டீச்சரே செய்து காட்டிவிடுவாராம், நம் குள்ளச்சி பின்னால் நின்று மற்றவர்கள் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள். செய்முறைத் தேர்வில் அந்தக் குழாயை முதல்முறையாகக் கையில் கொடுத்தார்கள். பாடம் முழுக்க மனப்பாடம், குழாயின் அடியிலுள்ள திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்றுதான் தெரியவில்லை. வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் நல்ல மனிதர், "இதுவரைக்கும் தொட்டதே இல்லையாம்மா" என்று மெதுவாகத்தான் கேட்டாராம். உடைத்துவிடுவோமோ என்ற பயத்தில் அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். இதில் தேறாமல் நர்சிங்கில் சேர்க்கமாட்டார்கள்.

ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் ஹெட்மாஸ்டரிடம் போனேன். அவர் தொண்டை கட்டிப்போய், கையெல்லாம் சாக்பீஸ் தூளாக, "நானே ரெண்டு கிளாஸை ஒண்ணா வெச்சுக் கத்திக்கிட்டிருக்கேன் சார், ஆள் கேட்டு எழுதி எழுதி அலுத்துப் போச்சு" என்றார். அவரிடம் போய் என்ன சண்டை போடுவது, திரும்பி வந்துவிட்டேன். மறுபடி எழுதம்மா என்றால் "அதே லேப்தானேப்பா" என்கிறாள். இப்போது ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நிற்கிறாள்.

நேற்று புத்தகங்களையெல்லாம் கீழ்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள், அவள் இந்த வருடம் அதே வகுப்புக்குப் போகிறாள், இந்தத் தடவை வகுப்பு நூறு பேரைத் தாண்டும் என்கிறார்கள். "லேபுக்கு ஓடிப்போய் முன்னாடி நின்னுக்கோ" என்று இவள் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை பேர்தான் முன்னால் நிற்க முடியும்.

நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை தங்கையைக் கூப்பிடு, பரீட்சைப் பேச்சை மட்டும் எடுக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா