பிஸ்கட் டின்னுக்குள் மூன்று குழாய்

மார்ச் 6, 1988

இன்றைக்கும் பேட்டரி காலை வாரிவிட்டது. லாபு ரப்பர் எஸ்டேட் கோயில் கொட்டகையில் இசைக்குழு பயிற்சி. என் வீட்டுக்காரர் கிட்டாரை இழுத்து வாசிக்கும்போது பாதிப் பாட்டில் சத்தம் செத்துப்போனது. அவர் காலால் மிதிக்கிற பெட்டி மூன்று. ஒன்று கரகரக்கும், ஒன்று எதிரொலிக்கும், ஒன்று அலையடிக்கும். மூன்றும் பேட்டரி தின்கிற வேகத்துக்கு எங்கள் ஆடு தேவலாம்.

குழுத் தலைவன் நல்லசாமி, பகலில் பால்வெட்டு ஆட்களை மேய்க்கிற மண்டோர், மாலையில் பாடகன். "அண்ணே, திருவிழா மேடையில இப்படி ஆச்சுன்னா சிரம்பான் ஆர்கன்காரன கூப்பிட்டுக்குவேன் லா. நீங்க கீழ உக்காந்து கேளுங்க" என்றான்.

பதினெட்டு வருசம் வாசித்த மனுசன். சோற்றைத் தொடாமல் படுத்துவிட்டார். கீழே உட்காரவா? பார்த்துவிடுகிறேன்.

மார்ச் 9

செனவாங் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஒன்பது வருசமாக ஈயம் வைக்கிற கை இது. படிப்புதான் மூன்றாம் வகுப்போடு நின்றது. ரேடியோ அடாப்டர் ஒன்றில் வயர் பிரித்து மூன்று பெட்டிக்கும் கொடுத்தேன். ஓடியது. ஆனால் 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல்.

"குழுவுல மாட்டு ஈ சேந்துருச்சுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 13

குழாயடியில் சண்டை. ஏழு வீட்டுக்கு ஒரே குழாய். பக்கத்து வீட்டு முத்தாயி டியூப் மாட்டினால் என் வாளிக்கு இருமல் வருகிறது. திட்டிக்கொண்டே இருந்தவள் பாதியில் வாயை மூடிக்கொண்டேன். அட — அந்த மூன்று பெட்டியும் இதைத்தானே செய்கின்றன? ஆளுக்கொரு குழாய் கொடுத்தால் என்ன?

மார்ச் 20

தெருத்தெருவாகக் கேட்டு மூன்று பழைய அடாப்டர் சேர்த்தேன். பெட்டிக்கு ஒன்று. முதலில் மாட்டிய எதிரொலிப் பெட்டி உடனே புகைந்து செத்தது.

என் தப்புதான். எங்கள் ஃபேக்டரி லைனில் சிவப்பு வயர் எப்போதும் பிளக்கின் உள்பக்கம். கை தானாக அங்கேதான் போகும். இந்தப் பெட்டிகளுக்குச் சிவப்பு வெளிப்பக்கம். பெட்டி மேலேயே படம் போட்டிருக்கிறது. பார்த்தேனா?

நல்லசாமி: "சோறு வடிக்கிற வேலைய பாருங்கக்கா. கரண்டு பொம்பளைங்க விளையாட்டு இல்ல."

"தம்பி, நீ பாடறதக் கேட்டு எட்டாம் நம்பர் காட்டு ரப்பர் மரமெல்லாம் பால நிறுத்திருச்சு. நான் ஏதாச்சும் சொன்னேனா?"

வீட்டுக்காரர் மட்டும், "விட்டுரு பஞ்சால" என்றார்.

விடமாட்டேன்.

மார்ச் 22

பெட்டியைத் திறந்தேன். டையோடு ஒன்றுதான் கருகியிருந்தது. மாற்றினேன். மூச்சு வந்துவிட்டது.

ஏப்ரல் 10

மூன்று அடாப்டரின் வயிற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் குடிவைத்தாயிற்று. உள்ளே சுற்றிலும் புகைக்கூடத்து ரப்பர் ஷீட், கரண்டு தகரத்தைத் தொடாமல் இருக்க. மூன்று சிவப்பும் வெளியே. மாட்டு ஈ போன இடம் தெரியவில்லை. வீட்டுக்காரர் ஒரே பாட்டை நான்கு தரம் வாசித்தார், பிறகு மூன்று தட்டு சோறு.

நல்லசாமி வந்து காது கொடுத்துக் கேட்டான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. "சரி. ஆனா டின்ன ஸ்பீக்கருக்குப் பின்னால மறைச்சு வைங்க. பொம்பள செஞ்சதுன்னு தெரிஞ்சா மத்த எஸ்டேட்காரன் சிரிப்பான்."

அப்படியா சங்கதி. கோயில் தூணுக்கு அடித்த சிவப்புப் பெயிண்டு மிச்சம் இருந்தது. மூடியில் என் பெயரைப் பெரிதாக எழுதினேன்: பஞ்சாலை. 'லை' கொஞ்சம் கோணல். இருக்கட்டும்.

ஏப்ரல் 23, சனி

திருவிழா. பதினோரு பாட்டு. ஒன்றிலும் சத்தம் சாகவில்லை. டின் மேடை முன்னால் சனத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. கீழே உட்கார்ந்து கேட்டது நான்தான்.

மே 15

டின் கேட்டு வந்தவர்கள்: கோலா கிளாவாங் குழு, ஒரு டின்; சிரம்பான் ஆர்கன்காரன், இரண்டு டின். மூன்றாவது நல்லசாமி, தன் எக்கோ மெஷினுக்கு. "அக்கா, நம்மள முன்னால போடுங்களேன்" என்று இளித்தான்.

"வாளிய வச்சுட்டு வரிசையில நில்லு தம்பி" என்றேன்.