மெஜந்தா வராத வாரம்

அக். 10, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. கான் ஹொய் பாலத்தடியில் முழங்கால் தண்ணீர், ஆறும் சேர்ந்து ஏறியிருக்கிறது. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்து கடை திறந்தேன். ஒரு செருப்பு போச்சு.

இறால் கம்பெனி ஆர்டர் உறுதி. கண்காட்சிக்கு 24 விளம்பரப் பேனல் அச்சடிக்க வேண்டும். 18 காலை எடுக்க வருகிறார்கள். எல்லாம் பெரிய பிரிண்டரில்தான். நம்மிடம் இருப்பதே அது ஒன்று.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சி லான் அதற்கு வாராந்திரத் துடைப்பு முடித்து ரெஜிஸ்டரில் கையெழுத்து. (அம்மா போனில் கேட்டாள், "என்னடி, ஒரு பொம்பளைய சீ சீன்னு கூப்புடுற?" இங்கே அக்காவுக்கு அதுதான் வார்த்தை என்றால் நம்பவில்லை.) மை பீய்ச்சும் ஹெட்டை மூடி வைக்கும் கேப்பின் ரப்பர் தேய ஆரம்பித்திருக்கிறதாம். லான் சொன்னது: "வேலை முடிஞ்சா ஹெட் அந்தக் கேப் மேலதான் போய் உக்காரணும். இல்லேன்னா மூடி தொலைஞ்ச பேனாதான்." நாங்கள் பேசுவது பாதி வியட்நாமியம், பாதி இங்கிலீஷ். இங்கே தமிழாக்கிக்கொள்கிறேன்.

வாங்க: பொரி, கடலை, வாழைப்பழம், எலுமிச்சை, சந்தனம். சாம்பிராணி இருக்கிறது.

அக். 11, வெள்ளி

வெயில். ஆயுத பூஜை. லான் லீவு, கு சி என்ற ஊரில் தம்பி மகள் கல்யாணம். கடையில் அண்ணனும் நானும் மட்டும். காரைக்குடிக்காரர், முதலாளி என்றால் பிடிக்காது, அண்ணன்தான்.

பொட்டு வைத்தவை: கட்டர், லேமினேட்டர், கத்திரி மூன்று, ஸ்டேப்ளர், ஏணி, என் ஸ்கூட்டர். பிரிண்டருக்கு மேல்மூடியில் வைத்தேன். அண்ணனுக்குத் திருப்தி இல்லை. "மூடிக்கு வச்சு என்ன கலா? வேலை செய்யிறது எதுவோ அதுக்கு வையி." சரி. மூடியைத் திறந்து, ஹெட் இருக்கும் வண்டியைக் கையால் நடுவுக்கு இழுத்து, திருநீறு மூன்று கோடு, நடுவில் குங்குமம். கொஞ்சம் உதிர்ந்தது. ஊதிவிட்டேன்.

கிளம்பும்போது அவர்: "எல்லாத்தையும் அணைச்சிருத்தா. ஆயுதத்துக்கும் ஓய்வு வேணுமில்ல." பிளக் மேல் லான் ஒட்டிய சீட்டு, சிவப்பு எழுத்தில், அணைக்காதே என்று. திங்கள் வரைக்கும்தானே. அணைத்தேன். பொரி நன்றாக இருந்தது.

அக். 14, திங்கள்

புழுக்கம். நான்தான் முதலில் வந்தேன். மெயினைப் போட்டதும் வண்டி தானாக ஓடிப்போய்க் கேப்பில் உட்கார்ந்தது. அப்போதுதான் உறைத்தது. மூன்று நாளும் ஹெட் நடுவழியில், திறந்த வாயோடு.

மைத் துளைகள் எல்லாம் வேலை செய்கிறதா என்று நாசில் செக் போட்டேன். சயான் நீலம் சரி. மஞ்சள் சரி. கறுப்பு பாதி. சிவப்புக்கு வேண்டிய மெஜந்தா ஒரு கோடு கூட இல்லை. வெறும் வெள்ளைக் காகிதம்.

லான் வந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது. ஹெட் க்ளீனிங் இரண்டு தடவை, அதற்கு மேல் வேண்டாம் என்றாள், மை வீணாவதோடு அடைப்பு இன்னும் இறுகுமாம். சும்மா ஒரு இறால் அடித்துப் பார்த்தோம். வேகவைத்த இறால் பாசி பிடித்த மாதிரி பச்சை.

"வெள்ளிக்கிழமை ஏதாவது ஓட்டினியா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். ஓட்டவில்லைதான். அது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.

அண்ணன் வந்ததும் நேரே வாசல் ஓரம் தரையில், லான் ஊதுபத்தி ஏற்றும் இந்த ஊர்ச் சாமி பீடத்தைப் பார்த்தார். "எப்பப் பாத்தாலும் ஊதுபத்தி. சாம்பல் பறந்து உள்ள போயிருக்கும். மூணு தடவை சொல்லியாச்சு." மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த பீடத்தைப் புகை ஆகாது என்று வாசலுக்குத் தள்ளி வைத்ததே லான்தான். நான் காகிதச் சுருளை எடுத்து அடுக்கினேன்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. பான் மி ரொட்டி வாங்கி அப்படியே பையில்.

அக். 15, செவ்வாய்

மழை, விட்டு விட்டு. மெஷின் கம்பெனி ஆள் வியாழன்தான் வருவாராம். அண்ணன் கணக்கு நேரானது: அந்த ஆள் யார் தப்பு என்று சொல்வார், தப்பு லான் மேல் என்றால் லான் வெள்ளியிலிருந்து வர வேண்டாம். என்னிடம்தான் சொன்னார், என்னை நம்பி.

லானுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம். இந்த வயதில் இன்னொரு கடையில் யார் வேலை தருவார்கள். அதை அவளே சொன்னாள், சிரித்துக்கொண்டே, கேப்பில் க்ளீனிங் திரவம் சொட்டு சொட்டாக விட்டபடி. ஹெட்டை அதன்மேல் ஊற வைக்க வேண்டும், மதியம் வரை யாரும் தொடக்கூடாது.

அவள் சாப்பிடப் போனாள். நான் தொட்டேன்.

வண்டியை நகர்த்திப் பார்த்தால் கேப் பஞ்சின் ஓரத்தில் சாம்பல் நிறச் சேறு. மையும் திருநீறும் குழைந்து. கூடவே குங்குமச் சிவப்பு, அதைப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும். குச்சிப் பஞ்சு பதினொன்று. துடைத்துத் துடைத்து, பஞ்சைக் காகிதத்தில் சுற்றி, கடைக் கூடையில் போடாமல் சந்தைக் கூடையில் போட்டுவிட்டு வந்தேன். திருநீறைக் குப்பையில் போட்டிருக்கிறேன். இதற்கு எந்தக் கோயிலில் போய்க் கும்பிடுவது.

லான் வந்து பார்த்து, "கேப் நல்லா சுத்தமா இருக்கே" என்றாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுக்கவில்லை. கையை மட்டும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அக். 16, புதன்

வெயில். கறுப்பு முழுதாக வந்துவிட்டது. மெஜந்தா ஏழு கோடு.

இன்று சிரிஞ்சு வேலை. சின்ன டியூப் மாட்டி, திரவத்தை ஹெட்டுக்குள் மெதுவாக. நான் அவசரப்பட்டு அழுத்தினேன். லான் என் கையைப் பிடித்துவிட்டாள். "எம், அழுத்தாத. உள்ள கிழிஞ்சா யாராலும் ஒட்ட முடியாது. அதுவா இறங்கட்டும்." எம் என்றால் தங்கை. எரிச்சலாக வந்தது, அவள் மேல். என் மேல் வர வேண்டியது.

மதியம் மெஜந்தா முப்பது, நாற்பது. இடையில் பல்லுப் போன சீப்பு.

லானிடம் சொல்லிவிடலாம் என்று நான்கு முறை வாயெடுத்தேன். தடுத்தவை: (1) அண்ணன் போனில். (2) கூரியர்காரன். (3) அவளே, "உனக்கு உடம்பு சரியில்லையா, மூஞ்சி வெளிறிக் கிடக்கு" என்றாள். (4) காரணம் ஒன்றுமில்லை, பயம்தான். என் வேலை அனுமதிச் சீட்டு அண்ணன் கையெழுத்தில் நிற்கிறது. வேலை போனால் நாடு விட வேண்டும்.

அம்மா போன். எடுக்கவில்லை.

அக். 17, வியாழன்

காலை எட்டு மணி. நாசில் செக். எல்லாக் கோடும். எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூடக் குறையவில்லை. லான் கைதட்டினாள். இரண்டு மணிக்குள் 24 பேனலும் முடிந்தன. இறால் எல்லாம் சிவப்பு, சாப்பிடலாம் போல.

மூன்று மணிக்கு மெஷின் கம்பெனி ஆள். மெஷினின் பதிவைக் கம்ப்யூட்டரில் பார்த்தார், ஹெட்டைப் பார்த்தார். அடைப்பு எதுவும் மிச்சமில்லை. வெள்ளியிலிருந்து மெயின் அணைந்திருந்தது பதிவில் இருக்கிறது, ஆனால் கேப்பில் இருந்தால் அதனால் மட்டும் காயாது என்றார். ஹெட் கேப்பில் சரியாக உட்காராமல் நாள்கணக்கில் காய்ந்திருக்கிறது, கடைசியாகத் துடைத்தவர் திரும்ப வைக்கவில்லை போலிருக்கிறது என்றார். ரெஜிஸ்டரில் கடைசிக் கையெழுத்து லானுடையது.

லான் ஒரே வார்த்தைதான் சொன்னாள். வைத்தேன் என்று. இரண்டாம் தடவை சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு அவள் தன் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனாள். சிரிஞ்சை மட்டும் கழுவி வைத்துவிட்டுப் போனாள். மெஷினைச் சரி செய்தவளை மெஷினைக் கெடுத்தவள் என்று அனுப்பியாயிற்று. நான் பேனல்களுக்குப் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அக். 18, வெள்ளி

மப்பு. பேனல் போனதும் அண்ணன் எதிரில் போய் நின்றேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. எல்லாம் சொன்னேன்: வண்டியை இழுத்தது, திருநீறு உதிர்ந்தது, மெயினை அணைத்தது, சேற்றைத் துடைத்தது.

சிரித்தார். "ஒனக்கு நல்ல மனசு கலா. அவளுக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிறே."

"இல்லண்ணே. நான்தான்."

"வருசா வருசம் பூசை போடுறோம். சாமி கும்புட்டு மிசினு கெட்டதுன்னு எங்கியாவது உண்டா? எங்க அந்தச் சேறு? காட்டு பாப்போம்."

காட்ட என்ன இருக்கிறது. பதினொரு பஞ்சாலும் நானே துடைத்துவிட்டேனே. இந்தக் கடைக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையும் செய்ததில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது. "அன்னைக்கு மாதிரியே திரும்ப வைக்கிறேன். திங்கக்கிழமை பாருங்க" என்றேன்.

அவரும் முறுக்கிக்கொண்டார். "வையி. திருநீறு கெடுக்குதான்னு நானும் பாக்குறேன்." அவரே சாமி படத்துக்கு முன்னால் இருந்த சம்புடத்தை எடுத்து நீட்டினார்.

மூடியைத் திறந்தேன். வண்டியை நடுவுக்கு இழுத்தேன். மூன்று கோடு. பொட்டு. ஊதினேன். அன்றைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உதிர்ந்தது. லான் மூன்று நாள் உட்கார்ந்து அடைப்பு நீக்கிய ஹெட். மெயினை அணைத்தேன். சீட்டு இன்னும் அங்கேயே ஒட்டியிருக்கிறது.

அக். 19, சனி

மழை. துணி காயவில்லை. ஒன்றும் ஆகாமல் போனால்? திங்கள் காலை எல்லாக் கோடும் வந்து நின்றால்? அப்புறம் யார் என்னை நம்புவார்கள். மெஷின் கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், அதையும் சாமியிடமே.

அக். 20, ஞாயிறு

வெளியே போகவில்லை. லானுக்கு இரண்டு முறை போன் எடுத்து, வைத்துவிட்டேன்.

அக். 21, திங்கள்

மழை இல்லை. அண்ணன் எனக்கு முன்னால் வந்து பூட்டைத் திறந்து நின்றார். மெயினை அவரே போட்டார். நாசில் செக் பட்டனையும் அவரே.

காகிதம் மெதுவாக வந்தது. சயான். மஞ்சள். கறுப்பு அங்கங்கே. மெஜந்தா இருக்க வேண்டிய இடம் வெள்ளை.

மூடியைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். விரலால் கேப் ஓரத்தைத் தொட்டு, சாம்பல் ஒட்டிய விரலைப் பார்த்தார். பழக்கதோஷம், அந்த விரல் நெற்றிக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"லானுக்குப் போன் போடு. நான் பேசுறேன்."

போட்டுக் கொடுத்தேன். வெளியே போய்ப் பேசினார். ஒன்றும் கேட்கவில்லை, ஜின் லோய், ஜின் லோய் என்பது மட்டும், மன்னிப்பு என்று அர்த்தம். திரும்பி வந்து போனை மேஜையில் வைத்தார்.

"பத்து மணிக்கு வர்றா. நீ இங்கயே உக்காரு. ஒன்ன என்ன பண்றதுன்னு அவ வந்து சொல்லட்டும்."

மணி ஒன்பது நாற்பது. உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே லான் குடையை மடக்குகிறாள், மழையே இல்லை, நோட்டை மூடுகிறேன்.