மாலுமியைக் கரை சேர்த்தேன்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
14-6-1951

அன்புள்ள அத்தானுக்குச் சிலுவையம்மாள் எழுதுவது. உங்கள் கப்பல் துறைமுகம் துறைமுகமாகச் சுற்றிச் சிங்கப்பூர் சேரும் முன்பே இந்தக் கடிதம் அங்கே போய்க் காத்திருக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். நானும் அத்தையும் சுகம். உங்கள் இருமல் நின்றதா?

முதலில் எங்கேயாவது உட்காருங்கள். என் படக்கதை முடிந்துவிட்டது. அடுத்த கதையும் எனக்கே என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்! கோயில் தேருக்கு அட்டையில் சிறகு வைத்த சம்மனசுகள் வரைந்துகொண்டிருந்தவளுக்கு, பத்திரிகையில் வாராவாரம் ஒரு முழுப் பக்கம். எனக்கே என்னைக் கிள்ளிப் பார்க்கத் தோன்றுகிறது.

நீங்கள் கப்பலேறும்போது முதல் பக்கம்தான் வந்திருந்தது. கடலுக்கு நிழல் காட்ட மசியில் தண்ணீர் கலந்து பூசினேன். அச்சில் கடல் முழுக்கத் தார் ஊற்றினது மாதிரி வந்து அழுதேனே, நினைவிருக்கிறதா? பிறகு படத்தைக் கேமராவில் பிடித்து அச்சுக்குப் பிளாக் செய்கிற பொன்னுரங்கத்திடம் போய்க் கேட்டேன். "கேமராவுக்கு கறுப்பு, வெள்ளை ரெண்டுதாம்மா தெரியும். நீலத்துல இன்னா வரைஞ்சாலும் அதுக்குக் கண்ணு தெரியாது" என்றார். அன்றிலிருந்து முதலில் நீலப் பென்சிலால் இஷ்டம்போல் கிறுக்கிக்கொள்கிறேன். அதன்மேல் தொட்டுப் பேனாவால் கறுப்புக் கோடு. அலைக்கு மட்டும் தூரிகை. அழிக்கிற வேலையே இல்லை. மசி வாடைதான் இப்போதெல்லாம் குமட்டுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து வரைகிறேன்.

கதையில் வரும் மாலுமிக்கு உங்கள் மூக்கைத்தான் வைத்தேன். கோபிக்காதீர்கள், எனக்கு வேறு மூக்கு வரவில்லை. அவன் கப்பல் புயலில் மாட்டிய வாரம் தெருவில் நடக்க முடியவில்லை. மீன்கார சீனியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "கப்பக்காரனை வூட்டாண்ட கொண்டாந்து சேத்துடு. இல்லாங்காட்டி உனக்கு மீனே கெடையாது" என்று மிரட்டினாள்.

ஆனால் ஆசிரியர், அவன் மூழ்கிச் சாக வேண்டும், படிப்பவர்கள் கண்ணீர் விட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நானும் முயன்றேன் அத்தான். அந்த மூக்கைத் தண்ணீருக்குள் வரையக் கை வரவில்லை. கடைசியில் அவன் வீடு வந்து சேர்ந்து, பெண்சாதி கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற மாதிரி வரைந்து, டிராம் ஏறி மவுண்ட் ரோடு போனேன். "சார், அவனை நான் சாகடிக்க மாட்டேன். வேண்டுமானால் வேறு ஆளை வைத்து வரைந்துகொள்ளுங்கள்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, கிடைத்த வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். என்னையும் பார்த்தார். உட்காரச் சொன்னார். தனக்குக் காபியும் எனக்குப் பாலும் வாங்கி வரச் சொன்னார். "சரி, பிழைத்துப் போகட்டும்" என்று சொல்லி, அடுத்த கதையைப் பொங்கல் கழித்துத் தொடங்கலாம், இப்போது அவசரமில்லை என்றார்.

பிளாக் எடுத்த பிறகு அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி வந்து இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசிக் கட்டத்தில் மாலுமியின் பெண்சாதி தலைக்கு மேலே உத்தரத்தைப் பாருங்கள். நீலப் பென்சிலால் ஒரு தூளி கட்டியிருக்கிறேன். பத்திரிகையில் அது வராது. உங்களிடம் சொல்லும் முன் ஆசிரியர் கண்ணில் பட்டுவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். அத்தையிடம்கூட இன்னும் சொல்லவில்லை, நீங்களே எழுதுங்கள்.

கப்பல் ஏணியில் பார்த்துக் காலை வையுங்கள். தேவமாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அந்தத் தூளிக்குக் கறுப்புக் கோடு போட நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்கள்
சிலுவை