ஆடி பிறக்கும்வரை

ஜூலை 7, திங்கள்

வெயில். காற்று கொஞ்சமும் இல்லை. காலண்டரில் சூ.உ. 5.49, சூ.அ. 6.38.

இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் பார்ப்பது இந்த இரண்டு நேரத்தைத்தான். சூரியன் விழுந்தபிறகு கோர்ட் அமீனா வீட்டுக்குள் வரக் கூடாதாம். சட்டமாம். விடியும்வரை யாரும் வர மாட்டார்கள். அதனால் ராத்திரிதான் மூச்சு விட முடிகிறது. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். பாத்ரூமில், பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து.

இன்றும் ஸ்கூல் இல்லை. மூன்றாவது நாள்.

அப்பாவுக்கு வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணத்துக்கு அண்டா, நாற்காலி, ஷாமியானா. ஜெனரேட்டர் வாங்க வீட்டை அடமானம் வைத்தார். கட்ட முடியவில்லை. கேஸ். கோர்ட் வீட்டை ஏலம் விட்டுவிட்டது. ஏலத்தில் எடுத்தவரை நாங்கள் பார்த்ததுகூட இல்லை. எங்களை வெளியே அனுப்பி வீட்டை அவரிடம் ஒப்படைப்பது அமீனாவின் வேலை.

வக்கீல் குமாஸ்தா அப்பாவிடம் சொன்னது: "வூடு காலியா இருந்தா பூட்டு போட்டுக்கினு போய்டுவாங்க. உள்ள லேடீஸ் இருந்தா அப்டி பட்டுனு நுழைய முடியாது. எப்பவும் ஒரு லேடீஸ் உள்ள இருக்கணும்."

அம்மா ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங். அந்தச் சம்பளத்தில்தான் இப்போது சாப்பாடு. லீவு போட முடியாது. அதனால் அந்த லேடீஸ் நான். வயது பதினாறு.

"பத்து நாள் தாங்கிட்டா போதும்," என்றார் அப்பா. "ஆடி பொறந்துட்டா எவனும் புது வூட்ல கால் வெக்க மாட்டான். ஒரு மாசம் நிம்மதி. அதுக்குள்ள எதுனா பண்ணிக்கலாம்."

ஆடி ஒன்று, 17-ஆம் தேதி, வியாழன்.

ஜூலை 8, செவ்வாய்

மேகம். மழை இல்லை. உதயம் அதே.

கிளாஸ் டீச்சர் போன். எனக்கு டைபாய்டு என்று அம்மா சொல்லிவிட்டாள். நிவேதாவிடமிருந்து மெசேஜ்: "டைபாய்டா? பாவம்டி." அப்புறம் ஒன்றும் இல்லை. என்ன பதில் போடுவது என்று ஒரு மணி நேரம் யோசித்து ஒரு ஸ்மைலி போட்டேன்.

இன்று செய்தவை: உள்தாழ்ப்பாள் சரிபார்த்தது (எண்ணவில்லை). பிசிக்ஸ் இரண்டாம் பாடம் பாதி. எலுமிச்சை சாதம். தூக்கம். சுவரோரம் அடுக்கியிருக்கும் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒன்றுக்குள் பேசிப் பார்த்தது. குரல் பெரிதாகத் திரும்பி வந்தது. பயமாக இருந்தது, நிறுத்திவிட்டேன்.

தெருவில் பைக் நின்றால் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன்.

அமீனாவை எனக்குத் தெரியும். ஜூன் மாதம் ஒரு தடவை வந்தார். அப்பா வயது இருக்கும். கையில் ரெக்ஸின் பை. உட்கார்ந்து டீ குடித்தார். "சர்க்கர தூக்கலா போடுமா, வூட்ல தர மாட்டேன்றாங்க," என்றார் அம்மாவிடம். அப்பாவிடம் மெதுவாக: "வாசல்ல நின்னு கொஞ்சம் சத்தம் போடுங்க சார். நாலு பேர் பாக்கணும். தடுத்துட்டாங்கன்னு எழுதிக்கினு போய்டறேன். கோர்ட்டு அடுத்த தேதி குடுக்கும்."

அப்பா வாசலில் நின்று, என் பொணத்தத் தாண்டித்தான் உள்ள போகணும் என்று கத்தினார். அமீனா பைக் சீட்டின்மேல் பேப்பரை வைத்து எழுதினார். எழுதி முடித்ததும் அப்பா அவருக்கு இன்னொரு டீ சொன்னார்.

அன்றைக்கு நான் உள்ளே நின்று அழுதுகொண்டிருந்தேன். பொணம் என்று அப்பா சொன்னதை நிஜம் என்று நினைத்து. சித்தப்பாதான் வந்து, "டிராமா நைனா, டிராமா," என்று கண்ணைத் துடைத்துவிட்டார்.

சித்தப்பா, அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. கடையில் மைக் செட்டும் சீரியல் லைட்டும் அவர் பொறுப்பு. படுக்கை மொட்டை மாடியில். என்னைக் கூப்பிடுவது நைனா என்று; யாரிடம் சொன்னாலும் "எங்க வூட்டு டாக்டர்" என்பார்.

ஜூலை 9, புதன்

சாயங்காலம் நாலு தூறல். மண் வாசனை வரும்முன் நின்றுவிட்டது.

அமீனாவே அப்பாவுக்கு போன் செய்தார். நாளை வருகிறாராம். இந்தத் தடவை ஏலம் எடுத்தவரின் ஆளும் கூட வருவதால் வெறும் சத்தம் போதாதாம். பார்க்கிறவன் நம்ப வேண்டுமாம்.

சித்தப்பா உடனே திட்டம் போட்டுவிட்டார். மாடியிலிருந்து தண்ணீர். "ஊத்தறது என் வேல. ரொப்பித் தர்றது உன் வேல."

எதில் என்று கேட்டேன்.

"சாம்பார் வாளிலதான். நம்ம கடை மரியாத இன்னா ஆவறது? அப்பளம் வேணுமான்னும் கேட்டுடுவோம்."

அப்பா சிரித்தார். அம்மாகூட. ரொம்ப நாள் கழித்து எல்லோரும் ஒன்றாகச் சிரித்தோம். நானும். ஆனால் எனக்கு நாளை விடியவே வேண்டாம் என்றிருந்தது. இப்போதும் அப்படித்தான். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

சுருக்கமாக.

காலை 11. அமீனா, ஏலம் எடுத்தவரின் ஆள், பூட்டு உடைக்க ஒரு ஆசாரி. அப்பா வாசலில். நானும் சித்தப்பாவும் மாடியில். முதல் வாளி சித்தப்பா ஊற்றினார். தெரு முழுக்கக் கூட்டம். இரண்டாவது வாளியை நான் தூக்கினேன். ஊற்றும்போது நழுவிவிட்டது. வாளியோடு.

அமீனா தலையில்.

சித்தப்பா என்னை ஒரு நொடி பார்த்தார். என் தலையைப் பிடித்துக் கைப்பிடிச்சுவருக்குக் கீழே அழுத்தினார். "குனி." பிறகு அவர் மட்டும் எட்டிப் பார்த்துக் கத்தினார். "நான்தான் போட்டேன். நான்தான்."

கீழே தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

ஜூலை 11, வெள்ளி

வெயில்.

நேற்று நாலு மணிக்குப் போலீஸ் வந்து சித்தப்பாவைக் கூட்டிப்போனது. லுங்கியோடு ஏறப் போனவரை, பேன்ட் போட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு ஏட்டு நிறுத்தினார். வாளியையும் எடுத்துப்போனார்கள். அதில் அப்பா பெயரின் முதல் எழுத்து வெட்டியிருக்கும். எங்கள் பாத்திரம் எல்லாவற்றிலும்.

கொலை முயற்சி என்று போட்டிருக்கிறார்களாம். அமீனா ஆஸ்பத்திரியில். ஏழு தையல். இன்னும் முழு நினைவு இல்லை. இடது கண்ணைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையாம்.

அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நீ மாடிக்கே போல. உள்ள படிச்சிக்கினு இருந்த."

சரி என்றேன்.

"சொல்லு."

"உள்ள படிச்சிக்கினு இருந்தேன்."

எதிரில் இஸ்திரி போடுகிற அக்கா எங்கள் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போனபோது தானாக வந்து சொன்னாளாம்: "நான் எதையும் பாக்கல சாமி."

ஜூலை 13, ஞாயிறு

புழுக்கம். பதினொன்றரை மணிக்குக் கரண்ட் போய் வந்தது.

அம்மா ஜெயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சித்தப்பா கேட்டது: ஒரு பனியன், பிஸ்கெட், பல் வலிக்கு மாத்திரை. சொன்னது: "நைனாவ ஸ்கூலுக்கு அனுப்பு."

அமீனாவுக்கு நினைவு வந்துவிட்டது, வாளி விழுந்த நேரம் மட்டும் ஞாபகம் இல்லையாம். கண் தப்பிவிடும் போலிருக்கிறது. இதைக் கேட்டதும் பாத்ரூமுக்கு ஓடிவந்து நோட்டைத் திறந்தேன்.

வியாழக்கிழமை எழுதியதில் ஒன்று பொய். அடித்துவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன், அடிக்க மனம் வரவில்லை. இங்கேயே எழுதுகிறேன்.

நழுவவில்லை.

நடந்தது இது. முதல் வாளி விழுந்ததும் அமீனா சட்டையை உதறிக்கொண்டு பின்னால் தள்ளி நின்றார். ஏலம் எடுத்தவரின் ஆள் வேறு பக்கம் திரும்பிய நேரத்தில் அமீனா எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நன்றாகப் போகிறது என்கிற மாதிரி. சித்தப்பாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். நான் வாளியைத் தூக்கி வெளியே நீட்டினேன். அமீனா என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாமா, ஸ்கூலு லீவா?"

கீழே நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஆறு நாள் உள்ளே தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பைக்குக்கும் நடுங்கினேன். எல்லோருக்கும் அது டிராமா. பயந்தது நான் ஒருத்திதான் என்று அந்த நிமிஷம் தெரிந்தது. விரல்களைத் திறந்தேன். திறக்கும்போதே தெரியும், கீழே அவர் தலை இருக்கிறது என்று.

எழுதிவிட்டேன். ஒன்றும் லேசாகவில்லை.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

அம்மன் கோவில் ஸ்பீக்கர் காலை நாலரைக்கே ஆரம்பித்துவிட்டது. அப்பா ஷேவ் செய்துகொண்டார். ஒரு வாரத் தாடி. "தாண்டிட்டோம்," என்றார். கேசரி வாங்கி வந்தார்.

சித்தப்பாவுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. அரசாங்க ஊழியரை அடித்தது, அதனால். அடுத்த மனு திங்கட்கிழமை.

அப்பா கேசரியை என் தட்டில் வைத்தபோது சொல்லிவிட்டேன். "அப்பா, வாளிய நான்தான் போட்டேன். வேணும்னே."

"தெரியும்."

அப்பா தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். அதோட முடிஞ்சது. அவன் வெளிய வந்துடுவான். உனக்குப் படிப்பு கீது. நீ வாயத் தொறந்தா அவன் உள்ள போனதே வீணாப் போய்டும். சாப்டு."

சாப்பிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

ஸ்கூல். வெயில். இனி பகலில் யாரும் உள்ளே இருக்க வேண்டாம், ஆடி அல்லவா.

நிவேதா பெஞ்சு மாறி உட்கார்ந்திருக்கிறாள். டைபாய்டு ஒட்டிக்கொள்ளும் என்று அவள் அம்மா சொன்னாராம். டீச்சர் மெடிக்கல் சர்டிபிகேட் கேட்டார். மதியம் தனியாகச் சாப்பிட்டேன். வீட்டில் அடைந்து கிடந்தபோது இந்த பெஞ்சைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 21, திங்கள்

ஜாமீன் இல்லை. சித்தப்பாவுக்குப் பல் வீங்கியிருக்கிறதாம். அம்மாவைப் பார்த்ததும் சிரிக்க முயற்சி செய்தாராம், முடியவில்லையாம்.

இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 24, வியாழன்

அடையாறு. அத்தை வீடு. கிச்சனில் உட்கார்ந்து எழுதுகிறேன், இங்கே பாத்ரூம் பொது. மழை பெய்கிறது.

இன்று ஆடி அமாவாசை. அப்பா விடியுமுன் தர்ப்பணம் கொடுக்கக் கடற்கரைக்குப் போய்விட்டார். நான் யூனிபார்மில், தலை வாரிக்கொண்டிருந்தேன். உதயம் 5.52. ஆறரைக்குக் கதவு தட்டப்பட்டது.

போலீஸ் ஜீப். பெண் போலீஸ் இரண்டு பேர். ஏலம் எடுத்தவரின் ஆள். நடுவில் அமீனா. தலையில் கட்டு, இடது கண் இன்னும் சிவப்பு. வேறு யாரையாவது அனுப்புகிறோம் என்றார்களாம், அவர்தான் நானே முடிக்கிறேன் என்று வந்தாராம்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆடி மாசம் யாராவது குடி வருவாங்களா சார்?"

ஏலம் எடுத்தவரின் ஆள் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "குடி வர்றதுக்கு இல்லமா. இடிச்சுட்டு ஃபிளாட் கட்றதுக்கு."

அம்மா கும்பிட்ட கையை இறக்கினாள். பிறகு உள்ளே போய்த் துணிகளை எடுக்க ஆரம்பித்தாள். தடுக்க யாரும் இல்லை. அண்டாக்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. அமீனா படியில் உட்கார்ந்து லிஸ்ட் எழுதினார். எங்களிடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், அன்னிக்கி வாளிய போட்டது எங்க சித்தப்பா இல்ல. நான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை, சலிப்பு. "வக்கீல் சொல்லிக் குடுத்தாரா? சின்னப் பொண்ண வெச்சி அவன வெளிய எடுக்கலாம்னு பாக்கறீங்களா? போம்மா. உங்க டிராமாலாம் போதும். எனக்கு டீ குடுத்தீங்களேன்னு ஒத்தாச பண்ணதுக்குத்தான் இது." கட்டைத் தொட்டுக் காட்டினார்.

"டிராமா இல்ல சார். நீங்க என்ன பாத்து ஸ்கூல் லீவான்னு கேட்டீங்க. கேட்டதும் விட்டேன்."

பேனா நின்றுவிட்டது. என் யூனிபார்மைப் பார்த்தார்.

"நழுவிச்சா?"

"இல்ல. விட்டேன்."

அம்மா ஓடிவந்து பின்னாலிருந்து என் வாயைப் பொத்தினாள். கையில் பினாயில் வாசனை. அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். அவளுக்குக் கையில் பலமே இல்லை.

அமீனா பெண் போலீஸைக் கூப்பிட்டார். "இந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லுது. கேட்டுக்கங்க." சொல்லிவிட்டு மறுபடி லிஸ்டைப் பார்த்தார். எழுதவில்லை.

அந்தப் போலீஸ் அக்கா பெயரும் வயதும் கேட்டார். நாளைக் காலை பத்து மணிக்கு மயிலாப்பூர் ஸ்டேஷனுக்குப் பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். யூனிபார்ம் வேண்டாம், கலர் டிரெஸ். சித்தப்பா வந்துவிடுவாரா என்று கேட்டேன். "அத நீ சொல்றத வெச்சி கோர்ட்டு முடிவு பண்ணும்," என்றார்.

அப்பா ஈர வேட்டியோடு வந்தபோது கதவில் புதுப் பூட்டு. அம்மா நடந்ததைச் சொன்னாள். சாமான் ஏற்றிய வேனில் அப்பா என் பக்கம் திரும்பாமல் முன்சீட்டில் உட்கார்ந்தார். அம்மா நாளை லீவு சொல்லவில்லை, டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

கலர் டிரெஸ் எந்த மூட்டையில் என்று தேடி எடுத்துவிட்டேன். கசங்கியிருக்கிறது, பரவாயில்லை. இங்கிருந்து மயிலாப்பூருக்கு எந்த பஸ், எங்கே நிற்கும் என்று அத்தையிடம் கேட்டுக்கொண்டேன். ஒன்பது மணிக்குக் கிளம்பினால் போதுமாம்.