வெயிலில் மப்ளர் கட்டிய அண்ணனுக்கு

எனக்கு ஐம்பத்தாறு வயதான பிறகும் என்னைப் ‘பாப்பா’ என்றே கூப்பிட்ட என் அண்ணே,

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்று வாரமாகிறது. அழ வேண்டியதையெல்லாம் அழுதுவிட்டேன். இன்று உங்களைத் திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாலு பேர் படித்தால் படிக்கட்டும்.

அந்த மீன் குளிர்கிடங்கில் பத்தொன்பது வருடம் பெட்டி தூக்கினீர்கள். வெளியே பினாங்கு வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே மூச்சு உறையும். அண்ணி போன பிறகு ஜெலுத்தோங்கில் என் பிளாட்டுக்கு வந்து என்னோடு தங்கினீர்களே, அப்போதுதான் கவனித்தேன். வேலை முடிந்து வந்ததும் கழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பீர்கள்.

ஏன் என்று கேட்டேன். “ஜாக்கெட்டு ஜிப்பு போயிருச்சு பாப்பா. கழுத்து வழியா குளிரு எறங்குது” என்றீர்கள். புதிது கேட்கச் சொன்னேன். இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள், வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்லது என்றீர்கள். இரண்டு ஷிப்டுக்கும் ஒரே ஜாக்கெட், முந்தைய ஆள் கழற்றிய ஈரத்தோடு அதைத்தான் நீங்கள் மாட்டுகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை; அது நீங்கள் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அதனால்தான் மப்ளர் பின்ன ஆரம்பித்தேன். எனக்குத் தையல் தெரியும், கம்பளி தெரியாது. கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பழகினேன். இந்த ஊரில் தடித்த கம்பளி நூலை யார் வைத்திருக்கிறார்கள்? சூலியா தெருவில் கேட்ட கடையில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குழந்தைத் தொப்பிக்கான மெல்லிய நூலைக் காட்டினார்கள். கடைசியில் தையல் சாமான் விற்கும் சீன ஆன்ட்டி ஒருவர்தான் வரவழைத்துக் கொடுத்தார். சாம்பல் நிறம், சுண்டுவிரல் பருமன் நூல். அதற்கேற்ற தடி ஊசி.

ஒரு கண்ணி முன்பக்கமாக, அடுத்தது பின்பக்கமாக. அடுத்த வரிசையில் அதையே மாற்றிப் போட வேண்டும். அப்படிப் போட்டால் மப்ளர் முழுக்கக் கொண்டைக்கடலை பரப்பியதுபோல் மேடு மேடாக எழும்பி வரும். சூடு உள்ளேயே நிற்கும் என்று வீடியோவில் அந்தப் பெண் சொன்னாள். மூன்று தடவை தப்பாகி முழுவதையும் உருவினேன். மடியில் அத்தனை கம்பளியை வைத்துக்கொண்டு, மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும், உள்ளங்கை வியர்த்து ஊசி வழுக்கியது. யாருக்காக அண்ணே அது?

முதல் நாள் கட்டிக்கொண்டு போனீர்கள். சாயங்காலம் எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்ல சூடு, ஒரு முனை மட்டும் கொஞ்சம் அகலமாகப் போய்விட்டது என்றீர்கள். குறையும் சேர்த்துச் சொன்னதால் அப்படியே நம்பிவிட்டேன். மீன் வாடை, அதனால் லாக்கரிலேயே இருக்கட்டும் என்றதையும் நம்பினேன். ஐந்து மாதம் விடாமல் கேட்டேன். ஐந்து மாதமும் “சூடா இருக்கு பாப்பா” என்றீர்கள்.

அப்புறம் இருமல், காய்ச்சல், ஆஸ்பத்திரி. ஒன்பதாம் நாள் போய்விட்டீர்கள். நுரையீரலில் தொற்று என்றார் டாக்டர். குளிர்தான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. நானும் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் கேட்கவும் கூடாதா?

உங்களோடு வேலை செய்த செல்வம், உங்கள் லாக்கரில் இருந்ததையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். மப்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“இத உள்ள போட விடல அக்கா. மொத நாளே சூப்பர்வைசர் கழட்டச் சொல்லிட்டாரு. தொங்குற முனை பெட்டி ஓடுற பெல்ட்டுல மாட்டிக்கும்னாரு.”

அப்படியென்றால் எங்கேதான் போட்டார் என்று கேட்டேன்.

“டீ டைம்ல. லோரி நிக்கிற எடத்துல, நல்ல வெயில்ல உக்காந்து சுத்திக்குவாரு. நாங்க சிரிப்போம். என் தங்கச்சி பின்னுனது லா, ஒங்களுக்கு என்னான்னு கேப்பாரு.”

கொதிக்கிற வெயிலில் கட்டிக்கொண்டு, குளிருக்குள் போகும்போது கழற்றி வைத்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முனையே இல்லாமல் வளையமாகப் பின்னித் தந்திருப்பேனே. ஒரு வாரத்து வேலை. நான் வருத்தப்படுவேன் என்று மறைத்தீர்களா? இப்போது நான் என்ன சந்தோஷமாகவா இருக்கிறேன்?

உங்கள் மேல் வந்த கோபத்தோடு அந்தக் கிடங்குக்கே போனேன். செல்வமும் கூட வந்தார். மேனேஜர் நம்ம தமிழ் ஆள்தான். உட்காரச் சொன்னார், வருத்தப்பட்டார், விதியை விளக்கினார். விதி சரிதான். பெல்ட்டில் மாட்டியிருந்தால் உங்கள் கழுத்தே போயிருக்கும். அதை ஒப்புக்கொண்டேன். சரி, கழுத்தை மூடுகிற ஜாக்கெட் எங்கே என்று கேட்டேன். வளையமாகப் பின்னலாமே என்று செல்வம்தான் மெதுவாகச் சொன்னார். மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப நீங்களே ஒரு பன்னெண்டு பின்னிக் குடுங்களேன் அக்கா. அண்ணன் ஞாபகமாவும் இருக்கும்.”

“செத்தவரு தங்கச்சி பின்னிக் குடுத்தாதான் ஒங்க ஆளுங்க கழுத்து மூடணுமா? ஜாக்கெட்டு வாங்குங்க. ஆளுக்கு ஒண்ணு” என்றேன். தலைமை அலுவலகம்தான் முடிவு செய்ய வேண்டும் என்று எழுந்துவிட்டார். செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மேலும் கோபம் வந்தது. உங்களையே பார்ப்பதுபோல் இருந்தது.

ஆனால் இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். புகார் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். இன்னும் மூன்று பேர் வருகிறார்களாம். ஒருவர் நேப்பாளி, அவர் ஊர்க் குளிரைவிட இது மோசம் என்கிறாராம். செல்வத்துக்கு மட்டும் ஒரு வளையம் பின்னிக்கொண்டிருக்கிறேன், புது நூலில். அது கம்பெனிக்கு இல்லை, அவருக்கு.

திங்கட்கிழமை காலையில் தொழிலாளர் இலாகாவுக்குப் போகிறோம். ஈர ஜாக்கெட்டைப் பற்றிச் சொல்வேன், அறுந்த ஜிப்பைச் சொல்வேன், நீங்கள் என்னிடம் ஐந்து மாதம் பொய் சொன்னதையும் சேர்த்தே சொல்வேன். உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அங்கே ஆளுக்கொரு ஜாக்கெட் வருகிற வரைக்கும் ஓயமாட்டேன். வந்த அன்று, உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அப்போதும் ஒரு சண்டை பாக்கி இருக்கும்.

கோபம் குறையாமல்,
உங்கள் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி
மல்லிகா